சத்தம் வராத மூன்று படங்கள்

அழைப்பு மணியில் விரலை வைத்தபடி கருப்பம்மாளைப் போன வாரம் வாசலில் நிறுத்தி வைத்தோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். முதலில் கதவைத் திறந்துவிடுவோம்.

திறந்தது ஆவுடைத்தாய். பட்டாசு ஆலை முதலாளி இராமகிருஷ்ணனின் மனைவி. வாசலில் நிற்பவள் அந்த ஆலையின் போர்மேன் ஊர்க்காவலனின் மனைவி. பதினெட்டு வருஷமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த வீட்டில் சேலை வாங்கிப் போகிறவள். அவளை உள்ளே விடலாமா என்று இன்றைக்கு யோசிக்க வேண்டியிருக்கிறதே என்பதே ஆவுடைத்தாய்க்குக் கசந்தது.

"அக்கா, அண்ணாச்சி இருக்காகளா?"

"குளிச்சுக்கிட்டு இருக்காக."

"இருக்கட்டும். நான் உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாயில்பட்டியில் இருக்கும் இராமகிருஷ்ணனின் ஆலையில் ஓர் அறை வெடித்தது. உள்ளே இருந்த இருளாண்டி இறந்துபோனார். வெடிக்குள் அடைக்கும் கலவையை அங்கே மருந்து என்பார்கள். முதல் நாள் மிஞ்சிய மருந்தை அழித்துவிட வேண்டும், ராத்தங்கிய மருந்தில் கை வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குக் கை வைத்தார்கள்.

சாயந்திரம் லோடு போக வேண்டியிருந்தது. "மிஞ்சின மருந்தை அடைச்சுரலாமா என்று ஆலை ஆபீஸ் வாசலில் நின்று அண்ணாச்சியிடம் கேட்டேன், ஆகட்டும் என்றார்" என்கிறார் ஊர்க்காவலன். "என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் இராமகிருஷ்ணன். ஆலைக்குப் பூட்டு. ஊர்க்காவலன் இருபது நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார். இன்று மூன்று மணிக்கு விருதுநகரில் விசாரணை. எழுதிக் கொடுத்ததையே இராமகிருஷ்ணன் அங்கே வாயாலும் சொல்லிவிட்டால், ஊர்க்காவலன் மறுபடி உள்ளே போவது உறுதி.

விசாரணை முடிந்ததும் இராமகிருஷ்ணனும் ஆவுடைத்தாயும் அப்படியே ஸ்டேஷனுக்குப் போய், பூனாவில் இருக்கும் மகன் ஹரிஷ்குமார் வீட்டுக்கு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. பெட்டிகள் கட்டி ஹாலில் வரிசையாக நிற்கின்றன. கருப்பம்மாளின் கண் அந்தப் பெட்டிகள் மேல் போனதை ஆவுடைத்தாய் பார்த்தாள்.

"அக்கா, அவுக மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல. மொதலாளியே சொன்னாலும் தொட்டிருக்கக் கூடாதுன்னு அவுகளே பொலம்பிக்கிட்டுக் கெடக்காக. ஆனா தன்னிஷ்டத்துக்குச் செய்யல. வாசல்ல நின்னு சொல்லியிருக்காக. அதுக்கு முந்தி போன்லயும் சொன்னாகளாம்."

ஆவுடைத்தாய் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ல சொன்னத ஆபீசர்கிட்ட சொல்லுங்கன்னா, அது வேணாம்ங்காக. யாரு எடுத்தா, என்ன சொன்னாகன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்காக. நீங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"நான் என்னத்தக் கண்டேன் கருப்பம்மா? யாவார விஷயம் எனக்கு என்ன தெரியும்? நீ போ. இரு, காப்பி குடிச்சிட்டுப் போ."

"வேணாம்க்கா."

இந்த வீட்டில் காப்பி வேண்டாம் என்று கருப்பம்மாள் சொன்னது அதுதான் முதல் தடவை. படியிறங்கிப் போனாள். ஆவுடைத்தாய் கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பும் டேப்லெட்டுமாக உட்கார்ந்திருந்த ஸ்ரீமதிக்கு எல்லாம் காதில் விழுந்தது. கோபம்தான் வந்தது. அவள் இராமகிருஷ்ணனின் ஒரே மகள். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் டிசைன் செய்கிறாள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. திரி நமுத்திருக்கிறது என்று சந்தேகம் வந்ததற்காக, ஏற்றி முடித்த லாரியை நிறுத்தி மொத்த லோடையும் இறக்கச் சொன்ன மனிதர் அவர்.

"காலங்காத்தால வந்து அழுதா அப்பா பேச்சு மாறிருமாக்கும்" என்றாள் ஸ்ரீமதி.

ஆவுடைத்தாய் கதவை விட்டு நகர்ந்தாள். சமையலறைக்குப் போய்ப் புளிசாதத்தைக் கிளறினாள்.

ஸ்ரீமதிக்குக் கையில் வேலை இருந்தது. பூனாவுக்கு ஒரு ராத்திரி, ஒரு பகல், மறுபடி அரை ராத்திரி. வழியில் பாதி நேரம் போனில் சிக்னல் இருக்காது. அப்பா பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தால் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் டேப்லெட்டில் படம் ஏற்ற வேண்டும். கேபிளைச் செருகி, அச்சகத்துத் தோழி கொடுத்த ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. ஒரு படம் ஏறுவதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும்.

போன மாதமும் அவள்தான் ஏற்றிக் கொடுத்தாள். நாக்பூரில் இருக்கும் பழைய ஏஜென்டைப் பார்த்து, "கம்பெனி மறுபடி தெறப்போம், ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துராதீக" என்று கேட்டுவிட்டு வர அப்பா தனியாகப் போனார். அப்போது மூன்று படம். "கீழ எழுத்து ஓடுத படமா போடும்மா" என்று கேட்டார். "தமிழ்ப் படத்துக்கு எதுக்குப்பா இங்கிலீஷ் எழுத்து?" என்று அவள் கேலி செய்ததற்கு, "இங்கிலீஷ் கத்துக்கிடலாம்ல" என்று சிரித்தார்.

போன் வந்து, கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்ரீமதி எழுந்து போனாள். திரும்பி வந்தபோது டேப்லெட் அம்மா கையில் இருந்தது.

"ஏட்டி ஸ்ரீ, இதுல சத்தமே வர மாட்டேங்கு."

"மியூட்ல இருக்கும். கொடு."

மியூட்டில் இல்லை. சத்தத்தின் அளவு கடைசிவரை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. போன மாதம் ஏற்றிய படம் ஓடியது. கதாநாயகன் வாயசைத்தான், கதாநாயகி அழுதாள், கீழே எழுத்து வந்து வந்து போனது. சத்தம் மட்டும் இல்லை. இயர்போனைச் செருகிப் பார்த்தாள். இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கல்யாண வீடியோவைத் தட்டினாள். நாதஸ்வரம் வீட்டையே தூக்கியது. டேப்லெட் நல்லாத்தான் இருக்கிறது.

இரண்டாவது படத்தைப் போட்டாள். ஊமை. மூன்றாவதும் ஊமை.

அவளுக்குச் சட்டென்று காரணம் பிடிபட்டது. சில படங்களில் ஒலியை வேறு வகையில் பதிந்திருப்பார்கள். லேப்டாப்புக்கும் பெரிய டிவிக்கும் அது ஒத்துப்போகும், இந்த டேப்லெட்டில் இருக்கும் பிளேயருக்கு ஒத்துப்போகாது. காட்சி ஓடும், சத்தம் வராது. லேப்டாப்பில் இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஏற்றிவிட்டாள். டேப்லெட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"வேற பிளேயர் போட்டா சரியாயிரும்மா. என் தப்புதான்."

"சரி பண்ணு. புதுசா ஏத்துததையும் ஒருக்கா போட்டுப் பாத்துக்கோ." ஆவுடைத்தாய் கரண்டியோடு திரும்பிப் போனாள். சமையலறை வாசலில் நின்றாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "நாக்பூர் போகையில அப்பா மூணையும் முழுசாப் பாத்தாராம்."

ஸ்ரீமதியின் விரல் திரை மேலேயே நின்றுவிட்டது.

நாக்பூரிலிருந்து திரும்பிய அன்றைக்கு விருதுநகர் ஸ்டேஷனில் அப்பாவை அழைக்கப் போனது அவள்தான். பையை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டதே, "படம் எப்படிப்பா இருந்துச்சு?" என்பதுதான். அப்பா அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மூணும் அருமை. அந்த ரெண்டாவது படத்துல பாட்டு என்னமா போட்டிருக்கான்!"

எந்தப் பாட்டு?

அவள் மூன்று படத்தையும் மறுபடி திறந்து பார்த்தாள். பார்த்தவர் எந்த இடத்தில் விட்டார் என்று டேப்லெட் ஞாபகம் வைத்திருக்கும். மூன்றிலும் கோடு கடைசிவரை போயிருந்தது.

ஸ்ரீமதி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். இருக்காது, அப்படி இருக்கவே இருக்காது என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

இராமகிருஷ்ணன் குளித்துவிட்டுச் சாமி அறையில் நின்றார். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, திருநீறு, பின்பக்கம் ஈரம் காயாத தலை. சாமி படங்களைப் பார்த்தபடி விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தார். ஸ்ரீமதி அவருக்குப் பின்னால் வாசற்படியில் நின்றாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. 'தீ' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. அடுப்பைக்கூட 'ஏத்து' என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் ஒருநாள் காலையில் அந்தச் சொல்லைச் சொன்னதற்காக ஸ்ரீமதி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். அவர் அவளை அடித்தது அந்த ஒரு நாள்தான்.

"அப்பா" என்றாள். சாதாரணமாகப் பேசும் குரல்தான். "இந்த வீட்டுக்குத் தீ வச்சிரலாமா?"

"ம்… ஆகட்டும்மா" என்றார் இராமகிருஷ்ணன், திரும்பாமலே. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதோடு விடவும் முடியவில்லை. மருந்து அறையில் வேலை செய்கிறவர்கள் தூள் ஏறாமல் இருக்க மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருப்பார்கள். சின்னப் பிள்ளையில் அவளே பார்த்திருக்கிறாள், கண் மட்டும்தான் தெரியும். சுடிதார் துப்பட்டாவை எடுத்து அதே மாதிரி மூக்குக்கு மேலே சுற்றிக் கட்டினாள். அப்பாவின் தோளைத் தொட்டாள். திரும்பினார்.

"மிஞ்சின மருந்தை அடைச்சுரலாமா, அண்ணாச்சி?"

அவர் அவள் கண்களைப் பார்த்தார். என்ன விளையாட்டு இது என்பதுபோல லேசாகச் சிரித்தார். பிறகு, பழகிப்போன தலை தானாக ஆடியது.

"ஆகட்டும், ஆகட்டும். பாத்துக்கிடு."

ஸ்ரீமதி துணியை அவிழ்த்தாள். அவள் அழுதுகொண்டிருப்பதை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"என்னம்மா? என்னாச்சு?"

அவள் அவர் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னாள். "மிஞ்சின… மருந்தை… அடைச்சுரலாமா… அண்ணாச்சி?"

இப்போது அவருக்குப் புரிந்தது. அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் கையைத் துழாவி மணைப் பலகையை இழுத்து உட்கார்ந்தார். வாட்டசாட்டமான மனிதர், அந்தப் பலகையில் பாதியாகத் தெரிந்தார்.

"எத்தனை நாளாப்பா?"

"ஆறு வருஷம் இருக்கும்." குனிந்து சொன்னார். "வெடி டெஸ்ட் பண்ணிப் பண்ணிப் போச்சு. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. ஏதோ பேசுதாகன்னு தெரியும், என்ன பேசுதாகன்னு பிரியாது. வாயப் பாத்தா புரிஞ்சுக்கிடுவேன்."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

அவர் பார்க்கவில்லை. அவள் தோளைத் தட்டி, அவர் நிமிர்ந்ததும் மறுபடி கேட்டாள்.

"எப்படிம்மா சொல்லுவேன்? வெடிச்ச சத்தத்த வச்சே மருந்தோட பதம் சொல்லுவான் ராமகிருஷ்ணன்னு சிவகாசி பூராவும் பேரு. காது போச்சுன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட கம்பெனிக்குள்ள போவேன்?"

"ஊர்க்காவலண்ணன் அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாரா இல்லையா?"

"நின்னான்."

"துணி கட்டியிருந்தாரா?"

"கட்டியிருந்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இராமகிருஷ்ணன் விளக்கைப் பார்த்தார். விளக்கில் எண்ணெய் இழுக்கும் சத்தம் ஸ்ரீமதிக்குக் கேட்டது, அவருக்குக் கேட்டிருக்காது.

"என்னத்தச் சொல்லியிருப்பேன்? நீதான் இப்பப் பாத்தியே" என்றார். "நாலு மாசமா அதான் கண்ணு முன்னால நிக்கி. அவன் கண்ணு. என் தலை ஆடுனது. அவன் அததான் கேட்டானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என் காதுல ஒண்ணும் விழல, அதனால யாரும் ஒண்ணும் கேக்கலன்னு எழுதிட்டேன். எழுதுறப்ப அது பொய்யின்னு தோணல. தோண விடல."

ஸ்ரீமதிக்கு அவரை வையவும் வந்தது, கட்டிக்கொள்ளவும் வந்தது. இரண்டும் செய்யாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் படத்துல எதுலயுமே சத்தம் கிடையாது. நான் ஏத்துனதுல கோளாறு. எல்லாருக்குமே கேக்காது."

அவர் அவள் வாயையே வெறித்தார். "என்ன சொன்னே? இன்னொருக்கா சொல்லு."

"படத்துல சத்தமே இல்லப்பா."

"படத்துலயா இல்ல?" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இயர்போன் வச்சு முழுசாக் கூட்டி வச்சா பாட்டு கேக்கும்மா எனக்கு. அம்புட்டுதான் மிச்சம் இருந்துச்சு. ரயில்ல போடுதேன், கூட்டுதேன், கூட்டுதேன், ஒண்ணுமே இல்ல. அதுவும் போச்சுன்னு நெனச்சேன். இருளாண்டியக் கொன்ன பாவம், இருந்ததையும் சாமி எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். கக்கூஸ் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன்."

"அப்புறம் எதுக்கு மூணையும் கடைசி வரைக்கும் பாத்தீங்க? எதுக்குப் பாட்டு நல்லாருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"நீ ஞாயித்துக்கிழம பூரா உக்காந்து ஏத்திக் கொடுத்தியேம்மா."

ஆவுடைத்தாய் கதவோரம் வந்து நின்று, "நேரமாச்சு, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்காகத் தரையில் உட்கார்ந்து இருவரும் அழுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அப்போது ஸ்ரீமதி அதைக் கவனிக்கவும் இல்லை.

சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. கை கழுவும் இடத்தில் ஸ்ரீமதி அப்பாவை வழிமறித்தாள்.

"இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நூத்திருவது பேரு வேலை பாக்குத எடம்மா. காது கேக்காதவன் மொதலாளியா நின்னான்னு தெரிஞ்சா லைசென்ஸே போயிரும். ஒருத்தனக் காப்பாத்தப் போயி அம்புட்டுப் பேரு வயித்துல அடிக்கணுமா?"

"அந்த ஒருத்தரு ஜெயிலுக்குப் போனாப் பரவாயில்லையாப்பா? நீங்க தலையாட்டுனதுக்கு அவரு போகணுமா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதிக் கண் துண்டுக்குள் இருந்தது.

"ஆகட்டும்மா" என்றார்.

எந்த ஆகட்டும் இது? புரிந்து சொன்னதா, புரியாமல் ஆட்டியதா? அவர் செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

ஸ்ரீமதிதான் காரை ஓட்டினாள். டிக்கியில் பெட்டிகள், பின் சீட்டில் ஆவுடைத்தாய், மடியில் புளிசாதத் தூக்கு, அதன் மேல் டேப்லெட். அச்சுக் காகிதம் ஏற்றிய வண்டிகள், வெயிலில் காய்ந்த கருவேல மரங்கள், பூட்டிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆலை எல்லாம் பின்னால் போயின. இராமகிருஷ்ணன் சட்டைப் பையில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார், மடித்து வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் அது.

விருதுநகரில் அந்த அலுவலகத்தின் மாடியில் நீளமான ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் டைப் செய்கிற ஒரு பெண். சுவரோரப் பெஞ்சில் ஊர்க்காவலன் உட்கார்ந்திருந்தார். நாலு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. கழுத்தில் சிவப்புத் துண்டு. கருப்பம்மாள் வெளி வராந்தாவில் நின்றாள். இராமகிருஷ்ணனைக் கண்டதும் ஊர்க்காவலன் எழுந்தார். வழக்கு என்று வந்தாலும் பழக்கம் போகுமா?

ஆவுடைத்தாயிடம் "நீ வண்டியிலயே இரு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஸ்ரீமதி அறைக்குள் கதவோரமாக நின்றாள்.

அதிகாரி பைலில் குனிந்தபடியே கேட்டார். "ராமகிருஷ்ணன், சம்பவத்தன்னைக்கு போர்மேன் உங்ககிட்ட அனுமதி ஏதாவது கேட்டாரா?"

ஸ்ரீமதி அதிகாரியைப் பார்த்தாள். குனிந்த தலை. வாய் தெரியாது. அப்பாவுக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதிகாரி காத்திருந்தார். டைப் செய்கிற பெண் நிமிர்ந்தாள்.

இராமகிருஷ்ணனின் தலை ஆட ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

அவர் ஊர்க்காவலனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சம் நிமிந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. எனக்குக் காது கேக்காது."

ஊர்க்காவலன் வாயைப் பிளந்தார்.

"ஆறு வருஷமாக் கேக்காது. யாருக்கும் சொல்லல. வாயப் பாத்துச் சமாளிச்சேன். எழுதிக் கொடுத்ததுல கையெழுத்து என்னுது, ஆனா அது நெசம் இல்ல." திரும்பினார். "ஊர்க்காவலா, அன்னைக்கு நீ என்னலே சொன்னே? துணி இல்லாம இப்ப ஒருக்கா சொல்லு. நான் பாக்கணும்."

ஊர்க்காவலன் கழுத்துத் துண்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மிஞ்சின மருந்தை அடைச்சுரலாமான்னு சொன்னேன், அண்ணாச்சி."

"அதுக்கு நான்?"

"ஆகட்டும்னீக."

இராமகிருஷ்ணன் தலையசைத்தார். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, என்ன சொன்னார்கள் என்று தெரிந்து அசைத்த தலை அது. "எழுதிக்கிடுங்க ஐயா" என்றார் அதிகாரியிடம். வராந்தாவில் கருப்பம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

அதிகாரி இப்போது நிமிர்ந்தே பேசினார். "இது சாதாரண விஷயம் இல்ல, ராமகிருஷ்ணன். நீங்க இன்னைக்கு ஊருக்கெல்லாம் போக முடியாது. உங்க காது விஷயம் வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதுங்க. இன்னைக்குக் காலையிலதான் என் மகளுக்கு…"

"எனக்குத் தெரியும்."

வாசலில் ஆவுடைத்தாய் நின்றாள். படியேறி வந்த மூச்சு வாங்கியது. வண்டியில் வைத்துவிட்டு வர மனம் இல்லாமல் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஆறு வருஷமாத் தெரியும். கூட இருக்கவளுக்குத் தெரியாமப் போகுமா? தெரியாத மாதிரி இருந்தேன். அவுக மானம் பெருசுன்னு இருந்தேன்."

ஸ்ரீமதிக்குக் காலை நேரம் முழுசும் ஒரு தடவை கண்ணுக்குள் ஓடியது. கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று, முகத்தைத் திருப்பாமல், மூணையும் முழுசாப் பாத்தாராம் என்று சொன்ன அம்மா. சத்தம் வரவில்லை என்று டேப்லெட்டைத் தானாக எடுத்து வைத்துக்கொண்டு காட்டிய அம்மா. தன் வாயால் சொல்ல முடியாததை மகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"அவுக போன் வீட்டுலதான் கெடக்கும் ஐயா. வச்சிருந்து என்ன பிரயோசனம்? எது வந்தாலும் எடுத்துப் பேசுதது நான்தான்."

"அக்கா, வேணாம்க்கா." ஊர்க்காவலன் பதறி முன்னால் வந்தார். "அத விடுங்க. வீட்டுப் பொம்பளைய இதுல இழுக்கக் கூடாதுன்னுதான் நான்…"

"இரு தம்பி. எனக்காக நீ ஜெயில்ல இருந்தது போதும்."

ஆவுடைத்தாய் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். அதிகாரியைப் பார்த்து நின்றவள், என்ன நினைத்தாளோ, கணவன் பக்கம் திரும்பி, அவர் முகத்துக்கு நேராக நின்று, வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு ஊர்க்காவலன் போன் பண்ணுச்சு. மருந்து மிஞ்சிக் கெடக்கு, ஈரம் ஏறியிருக்கு, அழிக்கவா வேணாமான்னு அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்லுச்சு. எடுத்தது நான். கேட்டுச் சொல்லுதேன்னுட்டு, உங்ககிட்ட சொல்லவே இல்ல."

இராமகிருஷ்ணன் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட அவருக்குத் தப்பவில்லை.